ஹெரால்டு பானெட் ஏன் நெளிந்தது?

காற்றழுத்தத்தில் மணலை வீசிப் பழைய பெயின்டையும் துருவையும் எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங் முடிந்து, எங்கள் பழைய காரின் பானெட் திரும்பி வந்த அன்று பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு பொட்டு பெயின்ட் இல்லை, ஒரு பொட்டு துரு இல்லை. மொத்தத் தகடும் ஒரே சீரான சாம்பல் நிறம், விரலை ஓட்டினால் நைஸ் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. நண்பர் அதை போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பியும்விட்டார். நான் சும்மா நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். டொக் என்று உள்ளே போனது. கையை எடுத்தேன், டொக் என்று வெளியே வந்தது. பிஸ்கட் டின் மூடி போடும் அதே சத்தம். டின் மூடி என்றால் தூக்கிப் போட்டுவிடலாம், இது தேடினாலும் கிடைக்காத பானெட்.

வண்டி 1960களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு மாடல். பழைய மெட்ராஸ்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை: வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான கார், இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் நம்மூர்ப் பிறப்பு, மிக்கெலொட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடல். இந்தக் காரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும், இது பல துண்டுகளாகப் போல்ட் போட்டுச் சேர்த்த வண்டி. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. டிரையம்பைக் கையில் வைத்திருந்த இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லை. அதனால் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், அதன்மேல் தனித்தனித் துண்டுகள், கூரையைக்கூடக் கழற்றலாம் என்று வடிவமைத்தார்கள். அன்றைக்கு அது வேறு வழியில்லாமல் செய்தது, இன்றைக்குப் பழுதுபார்ப்பவனுக்கு அதுவே வரம். அம்பாசிடர் மாதிரி உடலும் சேசிஸும் ஒன்றாகப் பற்றவைத்த வண்டியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஹெரால்டைத் துண்டு துண்டாக டெம்போவில் ஏற்றலாம்.

ஆனால் அந்தத் துண்டுகளில் ஒன்றுதான் வில்லங்கம். ஹெரால்டின் பானெட் சாதாரண பானெட் இல்லை. இரண்டு மட்கார்டு, மூக்கு எல்லாம் சேர்த்து ஒரே பொருளாக முன்பக்கம் கவிழும். அவ்வளவு பெரிய பரப்பு, பின்னால் தாங்கல் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை, அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார் தகடுகள் போல கனம் சுமார் 0.9 மி.மீ. அதைத்தான் நாங்கள் சேசிஸோடு சேர்த்து ஒரே லோடாகப் பட்டறைக்கு அனுப்பிவைத்தோம். முட்டாள்தனம் முழுக்க அவர்களுடையது என்று சொல்ல மாட்டேன்.

சூட்டினால்தான் நெளிந்தது என்று நண்பர் உறுதியாகச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாண்ட் பிளாஸ்டிங் பண்ணினால் தகடு சூடாகி முறுக்கிக்கொள்ளும் என்று கார் பைத்தியங்கள் கூடும் எந்த இடத்திலும் சொல்வார்கள். எங்களுக்கு டிங்கரிங் பண்ணிக்கொடுக்கும் பாயிடம் கேட்டேன்.

"சூட்டுலதானே பாய் இப்படி ஆச்சு?"

அவர் பானெட்டை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சூடா? இது அடி வாங்கியிருக்கு தம்பி."

எனக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு மொத்த விஷயமும் அந்த ஒரு வார்த்தையிலேயே இருந்தது. நாம் பிளாஸ்டிங்கை ஒரு பெரிய உப்புத்தாளாக நினைத்துக்கொள்கிறோம், மணல் வந்து பெயின்டைத் தேய்த்து எடுக்கிறது என்று. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, கூர்மையான துகள் சீவவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு துகளும் தகட்டில் போய் விழும்போது செய்வது முதலில் ஓர் அடி, ஒரு குட்டிச் சுத்தியல் அடி. சுத்தியலால் தகட்டை அடித்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாத்திரக்காரரைக் கேட்டாலும் சொல்வார்: அடிபட்ட இடம் மெலிந்து பரவும், நடுவில் அடித்துக்கொண்டே போனால் தட்டைத் தகடு கிண்ணமாகும். செம்புத் தகடு சொம்பாவது இந்த ஒரு குணத்தால்தான்.

பிளாஸ்டிங்கில் மேல்தோல் மட்டும் இந்த அடியை வாங்குகிறது. மேல்தோல் பரவப் பார்க்கிறது, அடியில் உள்ள இரும்பு அடி வாங்காததால் விடமாட்டேன் என்று பிடித்து இழுக்கிறது. இந்த இழுபறியில் தகடு வளையும், அடி வாங்கிய பக்கம் புடைத்துக்கொள்ளும். இதை அளப்பதற்கென்றே ஒரு முறை எண்பது வருடமாக இருக்கிறது என்பதுதான் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. கமான் பட்டை மாதிரி ஓயாமல் வளைந்து நிமிரும் பாகங்களை வேண்டுமென்றே இரும்புக் குண்டுகளால் அடித்து உறுதியாக்குவார்கள், ஷாட் பீனிங் என்று பெயர். அடி போதுமான அளவு விழுந்ததா என்று பார்க்க, 1940களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஆல்மென் என்ற பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்பிரிங் எஃகில் விரல் நீளத்துக்கு, 76 மி.மீ.க்கு 19 மி.மீ., ஒரு பட்டை. அதைத் தட்டையாகத் திருகிவைத்து ஒரு பக்கம் மட்டும் அடிப்பார்கள், பிறகு திருகைக் கழற்றுவார்கள். பட்டை தானாக வில்லாக வளையும். எவ்வளவு வளைந்ததோ அவ்வளவு அடி. மென்மையான அடியை அளக்கும் பட்டையின் கனம் 0.79 மி.மீ. கிட்டத்தட்ட நம் கார் தகட்டின் கனம். அதாவது பிளாஸ்டிங்குக்கு அனுப்பும் ஒவ்வொரு பானெட்டும் ஒரு பெரிய சைஸ் ஆல்மென் பட்டைதான்.

சூடு ஒன்றுமே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு, அடித்து முடித்த தகட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் எஃகுத் தகடு சூட்டால் நிரந்தரமாக நெளிய வேண்டுமென்றால் ஓர் இடம் மட்டும் நன்றாகவே சூடேற வேண்டும். வெதுவெதுப்பு அதற்குப் போதாது. தண்ணீர் கலந்து அடித்தால் நெளியாது என்று சிலர் விற்பனை செய்வதும் இதே குழப்பத்தில்தான். தண்ணீர் தூசியை அடக்கும், நல்ல விஷயம், ஆனால் தண்ணீரோடு வந்தாலும் சுத்தியல் சுத்தியல்தான்.

சரி, வளைந்தால் வளையட்டும், டொக் டொக் என்று ஏன் அடிக்கிறது? ஆல்மென் பட்டையைக் கழற்றிவிட்டார்கள், அது தன் இஷ்டத்துக்கு வளைந்தது. பானெட்டுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஓரம் முழுக்க மடிப்பு, மடிப்பு விறைப்பாக நின்று சட்டம் மாதிரி பிடித்துக்கொள்கிறது. நடுத்தகடு துளி நீண்டுவிட்டது, சட்டம் நீளவில்லை. அதிகப்படியான தகடு எங்கே போகும்? மேலே புடைக்க வேண்டும், இல்லையென்றால் கீழே குழிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அதற்கு நிலை இல்லை. அந்தத் தாவலின் சத்தம்தான் டொக். பின்பக்கமும் அதே அளவு அடித்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. வளைவு குறையும், உண்மை. நீட்சி குறையாது, கூடும்.

அடி என்று புரிந்துவிட்டால் அடுத்த கேள்வி எவ்வளவு பலமான அடி என்பது. இங்கே ஒரு கணக்கு. துகளின் எடை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 0.2 மி.மீ. துகளையும் 0.6 மி.மீ. துகளையும் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் மணல்தான், ஒன்று கொஞ்சம் நைஸ், ஒன்று கொஞ்சம் கொரகொர. ஆனால் பெரியது சின்னதைப் போல 27 மடங்கு எடை. ஒரே வேகத்தில் வந்தால் 27 மடங்கு அடி. பிளாஸ்டிங்குக்குப் பயன்படும் செந்நிறத் தாது மணலான கார்னெட்டில் 0.2 மி.மீ. ரகம் ஒரு கிலோ எடுத்தால் கிட்டத்தட்ட 6 கோடி துகள் இருக்கும். 6 கோடி ஊசிக்குத்து வேண்டுமா, அதே ஒரு கிலோவைப் பெரிய துகளாக வாங்கி 20, 30 லட்சம் சுத்தியலடி வேண்டுமா என்பதுதான் தேர்வு. ஊசிக்குத்தே பெயின்டைப் பெயர்க்கப் போதும், அதோடு ஒவ்வொரு குத்தும் தோலின் மேலேயே நின்றுவிடும். வேகம் இன்னும் மோசம், அது இரட்டித்தால் அடி நான்கு மடங்கு. அதனால்தான் கார் தகடு தெரிந்தவர்கள் காற்றழுத்தத்தில் 30, 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போக மாட்டார்கள், மணல் பாயும் முனையான நாசிலை நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடிப்பார்கள், ஒரே இடத்தில் நிற்காமல் வீசிக்கொண்டே போவார்கள்.

நாங்கள் கொடுத்த பட்டறை என்ன செய்தது என்று பிறகுதான் விசாரித்தேன். அவர்களுடைய அன்றாட வேலை இரும்புத் தூண், தண்ணீர்த் தொட்டி, வால்வு, பைப். 10 மி.மீ. தகட்டில் கனமான எபாக்ஸி பெயின்ட் பிடிக்க வேண்டுமென்றால் 100 பி.எஸ்.ஐ.யில் கொரகொர மணல்தான் சரி, அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். எங்கள் பானெட் வந்தபோது யாரும் பிரஷரைக் குறைக்கவில்லை, குறைக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்ததாம். அவ்வளவு சீக்கிரமா என்று சந்தோஷப்பட்டோம்.

வீட்டிலேயே பண்ணிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 3 மி.மீ. நாசில் ஒன்று 100 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்குச் சுமார் 20 கன அடி காற்று குடிக்கும். 6 மி.மீ. நாசில் 80 கன அடி. டயருக்குக் காற்றுப் பிடிக்க வைத்திருக்கும் 2 ஹெச்.பி. கம்ப்ரஸர் தருவது ஏழெட்டு. இரண்டு நிமிடம் அடித்துவிட்டு ஐந்து நிமிடம் டேங்க் நிறையக் காத்திருக்க வேண்டியதுதான். மணல் பாய்ந்து பாய்ந்து நாசில் துளையும் அகலும், அகல அகல இன்னும் காற்று கேட்கும். பூட்டு, கீல், பிராக்கெட் மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு பெட்டிக்குள் வைத்து அடிக்கும் ஒரு சின்ன கேபினெட் வைத்துக்கொள்வது நல்ல யோசனை, முழு காருக்கு இது ஆகாது.

இனி மணல் என்ற அந்தச் சொல். இந்த வேலைக்கு முதல் காப்புரிமை 1870இல் அமெரிக்காவின் பென்ஜமின் டில்க்மேனுக்குக் கிடைத்தது, காற்றாலோ நீராவியாலோ மணலை வீசிக் கல்லிலும் கண்ணாடியிலும் செதுக்குவது. அவர் எழுதியது உண்மையான மணல், அதனால் பெயரும் சாண்ட் பிளாஸ்டிங் என்றே ஒட்டிக்கொண்டது. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. தரையில் கிடக்கும்வரை அது சாது. இரும்பில் மோதும்போது உடைகிறது, உடைந்த தூளில் சில மைக்ரான் அளவுள்ளவை கண்ணுக்கே தெரியாது, மூக்கு முடியில் சிக்காது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே உருவாகும் தழும்புதான் சிலிகோசிஸ். ஆறாது, வேலையை விட்ட பிறகும் வளரும். பிரிட்டன் 1949 விதிகளிலேயே வார்ப்புகளைச் சுத்தம் செய்ய சிலிக்கா மணலை வீசக் கூடாது என்று தடை போட்டுவிட்டது. அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் 1974இல் தடை செய்யச் சொன்னது. துருக்கியில் ஜீன்ஸ் துணியைப் பழசுபோலக் காட்ட மணலடித்த இளைஞர்கள் வரிசையாக இந்த நோயில் விழுந்தார்கள், அங்கே 2009இல்தான் நிறுத்தினார்கள். நம் நாட்டுச் சட்டத்திலும், கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் சிலிகோசிஸும் ஒன்று. இவ்வளவுக்கும் பிறகு ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டில், முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஆற்று மணலை அடித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனை நீங்கள் பார்த்தால், உங்கள் கார் எவ்வளவு மலிவாக முடிந்தாலும் அங்கே கொடுக்காதீர்கள். ஈரத்துண்டு எதையும் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் ஹெல்மெட் வேண்டும், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து.

இதில் இன்னொன்று, 60 வருடப் பழைய வண்டியில் பறப்பது மணல் மட்டும் இல்லை. அந்தக் காலத்து பெயின்டிலும் அதற்கு அடியில் பூசும் ப்ரைமரிலும் ஈயம் இருந்தது, தகடுகள் சேரும் இடத்தில் இடைவெளியை நிரப்ப உருக்கி ஊற்றியதும் ஈயம்தான். ஷெட்டைப் பெருக்கி வாசலில் கொட்டுகிற விஷயம் இல்லை இது.

மணலுக்குப் பதில் என்ன என்றால், தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் பெருமையோடும் கொஞ்சம் சங்கடத்தோடும் சொல்லவேண்டிய பதில் ஒன்று உண்டு: கார்னெட். கன்னியாகுமரிக் கடற்கரையில் ஏழு நிற மணல் என்று பாக்கெட் போட்டு விற்பார்களே, நின்றுபோன கல்யாணத்தின் அரிசி பருப்பு மணலாகிவிட்டது என்று கதை சொல்லி, அதில் இருக்கும் செந்நிறம்தான் கார்னெட். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரைகளிலிருந்து இது கப்பல் கப்பலாக உலகம் முழுக்கப் போனது, பிளாஸ்டிங்குக்கும், தண்ணீரைப் பாய்ச்சி இரும்பு அறுக்கவும். சட்டத்துக்குப் புறம்பாக அள்ளுகிறார்கள் என்ற புகார்கள் குவிந்து 2013இல் தமிழக அரசு தாது மணல் எடுக்கத் தடை போட்டது, அது தனிப் பெரிய கதை. துகளாகப் பார்த்தால் கார்னெட் நல்ல சரக்கு: கடினம், தனி சிலிக்கா மிகக் குறைவு, சீக்கிரம் உடையாததால் சலித்துத் திரும்பப் பயன்படுத்தலாம், நைஸ் ரகமும் கிடைக்கும். ஆனால் மணலைவிட அடர்த்தி அதிகம், ஒரே சைஸில் கனமான சுத்தியல். நைஸ் ரகம், குறைந்த பிரஷர் என்ற இரண்டும் இல்லாமல் கார்னெட் என்று பெயர் சொன்னால் மட்டும் பானெட் தப்பாது.

மென்மையான சரக்குகளும் இருக்கின்றன. சமையல் சோடா, நிஜமாகவே. நியூயார்க் சுதந்திர தேவி சிலையை 1986 நூற்றாண்டுக்காகப் புதுப்பித்தபோது உள்பக்கம் பூசியிருந்த தாரை எடுக்கச் செம்புத் தகட்டைக் கெடுக்காத ஏதாவது வேண்டியிருந்தது, சோடா மாவை வீசி எடுத்தார்கள். சோடாத் துகள் மோதியதும் தானே நொறுங்கிவிடுகிறது, தகட்டுக்கு அடி சேருவதில்லை, கண்ணாடியையோ குரோமையோகூடப் பெரிதாகத் தொடாது. ஆனால் துருவையும் தொடாது. அதோடு தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அதைத் தண்ணீரால் நன்றாகக் கழுவாமல் ப்ரைமர் அடித்தால் ஆறு மாதத்தில் பெயின்ட் அப்பளம் மாதிரிக் கொப்பளிக்கும். இன்னொன்று பிளாஸ்டிக் துகள், 1980களில் அமெரிக்க விமானப்படை விமானங்களின் பெயின்டை உரிக்கப் பழகியது. கார் தகட்டுக்கும் மிக நல்லது, துருவுக்கு இதுவும் உதவாது, நம் ஊரில் இதை வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் பிடிப்பதும் ஒரு வேலை. கண்ணாடி மணி என்று விற்கும் குட்டிக் குண்டுகள் அலுமினிய கார்புரேட்டருக்கு அழகான மினுமினுப்பைத் தரும். தகட்டில் வேண்டாம், உருண்டை என்பதால் சீவத் தெரியாது, அடிக்க மட்டும்தான் தெரியும்.

இங்கே ஒரு முரண். மென்மையானது துருவை எடுப்பதில்லை, துருவை எடுப்பது தகட்டை நெளிக்கிறது. ஆகவே முழு காரையும் ஒரே சரக்கில் ஒரே நாளில் அடித்து முடிப்பது என்ற ஆசையே தவறு. இன்றைக்கு இன்னொரு ஹெரால்டைச் செய்வதாக இருந்தால் நான் இப்படித்தான் பிரிப்பேன். சேசிஸ், அதிலிருந்து கைபோல நீளும் அவுட்ரிகர்கள், முன் சஸ்பென்ஷன் கைகள், சக்கரங்கள் எல்லாவற்றையும் கார்னெட்டில் தாராளமாக அடிக்கலாம், ஹெரால்டு துருப்பிடிப்பதே முதலில் அந்த அவுட்ரிகர்களில்தான். தரைத்தகடு, டிக்கியின் உள்பக்கம், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர் இவையெல்லாம் மேடும் பள்ளமுமாக அச்சடித்த தகடுகள், அந்த மடிப்புகளே அவற்றை நெளியாமல் பிடித்துக்கொள்ளும், நைஸ் மணல் குறைந்த பிரஷரில் போதும். கடைசியாக பானெட்டின் மேல்புறம், கதவின் வெளித்தோல், கூரை, டிக்கி மூடி. இவற்றுக்குப் பெயின்ட் ரிமூவரும் கையும்தான். தடவி, காத்திருந்து, சுரண்டி, மறுபடி தடவி. ஒரு பானெட்டுக்கு இரண்டு நாள் ஆகும், முதுகு போய்விடும். துரு இருக்கும் ஓரங்கள், மடிப்புகள், விளக்குக் குழிகள் மட்டும் பிளாஸ்டிங்குக்கு. அலுப்பான வேலை என்பதால்தான் யாரும் இதைப் பரிந்துரைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு விஷயம், இதை மறந்தால் ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க வேண்டிவரும். சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கனமான ரப்பரோ நாலு சுற்று டேப்போ போட்டு மூடுங்கள். பழைய எண்கள் ஏற்கெனவே துருவில் பாதி மங்கியிருக்கும், ஒரு நிமிடம் மணல் பட்டால் பென்சில் பிரிண்ட் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவுசெய்யும் வசதி இருக்கிறது, அதற்கும் சேசிஸ், உடல், எஞ்சின் மாற்றப்படாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். எண்ணே இல்லாத அசலை எப்படிக் காட்டுவது?

பிளாஸ்டிங் போன வண்டி ஓட்டையோடு திரும்பி வந்தால் மணல் தின்றுவிட்டது என்று சண்டைக்குப் போகாதீர்கள். அந்த ஓட்டை முன்பே இருந்தது. இரும்பு துருவாகும்போது இடம் பல மடங்கு அடைத்துக்கொள்ளும், அதனால் வெளியிலிருந்து தட்டினால் கெட்டியாக இருப்பதுபோலத் தெரியும், பெயின்ட் மேலே பாலம் போட்டிருக்கும். எங்கள் வண்டியின் வலது சக்கர வளைவில் பட்டி மட்டும் விரல் கனத்துக்கு இருந்தது, அதற்கு அடியில் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள், அதற்கும் அடியில் காற்று. முப்பது நாற்பது வருடத்தில் எத்தனை டிங்கர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து எழுந்தார்களோ. பிளாஸ்டிங்குக்கு நான் இன்னமும் பணம் கொடுப்பேன் என்றால் காரணம் இதுதான், வேறு எந்த முறையும் வண்டியைப் பற்றி இவ்வளவு உண்மை பேசாது.

அப்புறம் நேரம். அம்மி கொத்துகிறவர் உளியால் குட்டிக் குட்டிக் குழியாகப் போட்டுவிட்டுப் போவாரே, பிளாஸ்டிங் செய்த தகடும் அப்படித்தான், பெயின்ட் அந்தக் குழிகளில் பல்லை ஊன்றிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே குழிகளில் ஈரமும் உட்காரும். மொழுமொழு தகட்டைவிடக் கொத்திய தகட்டுக்குப் பரப்பு அதிகம், மூடியிருந்த எல்லாம் போய் நிர்வாணமான இரும்பு, சென்னைக் காற்றில் உப்பு வேறு. காலையில் சாம்பல் நிறமாக இருந்த தகடு மாலைக்குள் மஞ்சள் காட்டும், மழை நாளில் மதியச் சாப்பாட்டுக்குள். கையால் தொட்டால் விரல் ரேகை அப்படியே மறுநாள் துருவாக எழுந்து நிற்கும், நாங்கள் பானெட்டை ஆளாளுக்குத் தடவிப் பார்த்ததன் பலனை நான் கண்ணால் பார்த்தேன்.

ப்ரைமர் அடிக்கும்போது தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, அதாவது பனி படியும் வெப்பநிலையைவிட, 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெரிய பெயின்டிங் வேலைகளில் கறாரான விதி. இது புத்தக விதி என்று ஒதுக்க முடியாது. 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் சர்வசாதாரணம், அப்போது பனி படியும் வெப்பநிலை 26 டிகிரி. தகடு 29ஐத் தொட வேண்டும். இரவெல்லாம் ஷெட்டில் குளிர்ந்து கிடந்த சேசிஸ் காலை ஏழு மணிக்கு 27இல் இருக்கலாம், கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும், ஆனால் இன்னும் ஒரு டிகிரி குறைந்தாலே அதன்மேல் ஈரம் படியும். பத்து பதினொன்று மணிவரை காத்திருந்து, காற்றால் ஊதிச் சுத்தம் பண்ணி, அன்றைக்கே இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி ப்ரைமரை அடித்துவிட வேண்டும். நம் பட்டறைகளில் வழக்கமான ரெட் ஆக்ஸைடை மட்டும் ஒரு கோட் அடித்துவிட்டு மாதக்கணக்கில் வெளியில் போட்டுவைப்பார்கள், அது ஈரத்தை முழுசாகத் தடுக்காது, அடியில் துரு நிம்மதியாக வேலையைத் தொடரும்.

உள்ளே தங்கிய மணலைச் சொல்லாமல் விட்டால் தவறு. மணல் நேர்கோட்டில்தான் போகும், சேசிஸ் குழாயின் உள்பக்கத் துருவை அதனால் தொட முடியாது, ஆனால் உள்ளே போய்ச் சேர்ந்துகொள்ள முடியும். எங்கள் சேசிஸை நிமிர்த்தி, கவிழ்த்து, மர உருட்டுக்கட்டையால் தட்டித் தட்டி ஒரு வாளி மணல் எடுத்தோம். முடிந்தது என்று நினைத்து ப்ரைமர் ஸ்பிரே அடிக்க, காற்று உள்ளே போய் இன்னொரு பக்கத் துளை வழியாக ஈரப் ப்ரைமர்மேல் ஒரு பிடி மணலைத் தூவியது. அன்று நண்பர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மணல் தங்கினால் ஈரத்தைப் பிடித்துவைக்கும், கண்ணாடி ஏற்றும் கியரில் புகுந்தால் அதை அரைத்துவிடும். எடுக்க முடிந்தவரை எடுத்துவிட்டு, குழாய்களுக்குள் மெழுகு ஸ்பிரே அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பானெட்டை பாய்தான் காப்பாற்றினார். நாங்கள் எதைக் குற்றம் சொன்னோமோ அந்தச் சூட்டை வைத்தே. கேஸ் டார்ச்சைச் சின்ன ஜ்வாலையாக வைத்து, புடைப்பின் உச்சியில் ஐந்து பைசா அளவு வட்டம் மட்டும் சிவக்கும்வரை காட்டுவார், மரச் சுத்தியலால் ஒரு மெல்லிய தட்டு, உடனே ஈர வேஸ்ட் துணியை வைத்து அழுத்துவார், புஸ்ஸென்று ஆவி. சூடான புள்ளி விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது, அதனால் அந்த இடம் தடித்துக்கொள்ளும், குளிரும்போது சுருங்கி அக்கம்பக்கத்தை இழுத்துக்கொள்ளும். மணல் கோடிக்கணக்கான அடியில் நீட்டியதை அவர் நாற்பது ஐம்பது புள்ளிகளில் திரும்ப வாங்கினார். மூன்று நாள் ஆனது. நடுவில் ஒரு முறை அதிகமாகச் சுருங்கிவிட்டது என்று அவரே அடித்து நீட்டினார்.

இப்போது வண்டி ஓடுகிறது, பானெட்டில் கையை வைத்து அழுத்தினால் ஒன்றும் ஆவதில்லை. மே மாத மத்தியானத்தில் வெயிலில் நிறுத்திவிட்டுப் போனால் மட்டும், இடது விளக்குக்கு மேலே ஓர் இடம், யாரும் தொடாமலே மெதுவாக ஒரு தடவை டொக் என்கிறது.